கேபிளை உருவாத மதியம்

சலவைக் கம்பெனியில் அவரை ஒருமணியார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவல்காரருக்கே ஆள் பிடிபடாது. பகல் ஒரு மணிக்கு அவருக்கு மகளிடமிருந்து போன் வரும். மழை, வெயில், ஞாயிறு, திங்கள் எதுவும் கிடையாது, வரும். கம்பெனியில் இருந்தாலும் வழியில் இருந்தாலும், கையில் இருக்கிற மூட்டையை அப்படியே இறக்கிவிட்டு, வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். பிறகு அரை மணி நேரம் யார் தட்டினாலும் கண்ணாடி இறங்காது.

"குடுத்து வெச்ச மனுஷன்பா. எம்பொண்ணு பக்கத்துத் தெருவுலதான் இருக்கா. நான் போனைப் போட்டாக்கூட எடுக்க மாட்டேங்கறா" என்று இஸ்திரி மேசையில் நிற்கும் அம்மாக்கள் பெருமூச்சு விடுவார்கள். ஒருமணியார் அதைக் கேட்டு லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

அப்படி ஒரு போன் வந்ததே இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து வேடிக்கை காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. மகள் அவரோடு பேசி மூன்று வருடமாகிறது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அன்று மகள் பதினேழு முறை அவரைக் கூப்பிட்டாள். போன் வண்டிப் பெட்டியில் கிடந்தது. அவர் ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடிக்குப் படுக்கை விரிப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. "நீங்க எடுக்கவே இல்லப்பா" என்று மட்டும் சொன்னாள். காரியமெல்லாம் முடிந்ததும் தன் ஊருக்குப் போய்விட்டாள். முதல் ஒரு வருடம் அவர் விடாமல் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடிக்கும், ஓயும். அப்புறம் கூப்பிடவே பயம் வந்துவிட்டது. அந்த எண்ணே இப்போது இல்லை என்று யாராவது ஒரு குரல் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பொய் தொடங்கியது ரொம்பச் சாதாரணமாக. மகள் ஊருக்குப் போன சில வாரத்திலேயே மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர், "மக போன் கீன் பண்ணுதா?" என்று கேட்டுவைத்தார். "பண்ணாம? தினம் ஒரு மணிக்கு வந்துடும்" என்று இவர் வாயைக் கொடுத்துவிட்டார். மறுநாள் ஒரு மணிக்கு அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் இவர் முகத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். ஒரு வாரம் ஒப்புக்குச் செய்தார். ஒரு மாதம் போனபின் காலை பதினொன்றரைக்கே ஒரு மணி எப்போது ஆகும் என்று இருந்தது. ஊரை ஏமாற்றப் போய், கடைசியில் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் எழுந்து பல் தேய்க்கிறோம் என்கிற நிலைக்கு வந்துவிட்டார் மனிதர்.

கேமரா வந்தது இதற்கெல்லாம் பின்னால். கம்பெனி வண்டி ஒன்றின் மேல் யாரோ வந்து மோதிவிட்டு, வண்டிதான் தன்னை மோதியது என்று சாதித்ததில் மேனேஜருக்குத் தலைவலி. ஐந்து வண்டிக்கும் வண்டிக்கொன்றாகச் சின்னக் கேமரா வாங்கினார். முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி வைத்தால் சாலையைப் பதிவு செய்துகொண்டே இருக்கும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. மற்ற நாலு வண்டியிலும் சிகரெட் பற்றவைக்கிற துளையில் செருகி வேலையை முடித்தார், கம்பெனியின் ரிப்பேர் வேலைகளைப் பார்க்கும் பிட்டர். ஒருமணியாரின் வண்டியில் மட்டும் அந்தத் துளை கருகிப்போயிருந்தது. முன்பு ஓட்டியவர் அதில் ஏதோ ஒரு காற்றாடியை மாட்டி உருக்கிவிட்டிருந்தார். வண்டியோ வாடகை வண்டி, ஒரு ஒயரில்கூடக் கைவைக்கக் கூடாது என்பது வண்டிச் சொந்தக்காரரின் நிபந்தனை. "ஏதாவது பண்ணுப்பா" என்று மேனேஜர் வேலையைப் பிட்டரின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிட்டருக்கு நாற்பது வயதிருக்கும். பேச்சு குறைவு, கை எப்போதும் எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும். போனுக்கு ஊட்டுகிற பவர் பேங்க் ஒன்றை எடுத்து வந்தார்.

"இந்தக் கேமராவுக்குள்ள பேட்டரின்னு ஒண்ணு பேருக்குத்தான் இருக்குண்ணே. கரண்டு போனா கடைசிப் படத்தை மூடி வெக்கிற அளவுக்குத்தான் தாங்கும். அதனால வெளியிலேர்ந்து ஊட்டணும்."

"போனுக்குப் போடுறதுதானே இது?"

"அதேதான். அஞ்சு வோல்ட்டு யாருக்குப் போனா என்ன."

முதல் பவர் பேங்கை டேஷ்போர்டிலேயே வைத்துவிட்டார். நாலு நாள் வெயிலில் அது வயிறு வீங்கிக் கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று கொண்டுவந்தார். இந்த முறை நீளமான கேபிள். கண்ணாடியின் மேல் விளிம்பு ரப்பருக்குள் கட்டைவிரல் நகத்தாலேயே அழுத்தி அழுத்திச் செருகி, ஓரத் தூண் வழியாக இறக்கி, சீட்டுக்கு அடியில் நிழலாக இருக்கிற பெட்டிக்குள் கொண்டுபோனார். பழைய தலையணை உறை ஒன்றில் பவர் பேங்கைச் சுற்றி உட்கார வைத்தார். அதன் முதுகில் நாலு சின்ன விளக்கு. நாலும் எரிந்தால் வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்கண்ணே. மத்த வண்டியில சாவியைத் திருப்பினா கேமரா தானா நின்னுடும். உங்களுதுல வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. வண்டி நின்னாலும் இது ஓடிக்கிட்டேதான் இருக்கும். நிறுத்தினதும் கேபிளை உருவிடுங்க."

ஒருமணியார் நன்றாகத் தலையாட்டினார். தலையாட்டலில் அவரை மிஞ்ச ஆளில்லை. சாயங்காலம் பவர் பேங்கைச் சார்ஜ் போட அறைக்கு எடுத்துப் போகும்போது மறக்காமல் உருவுவார். மதியம் மட்டும் உருவ மாட்டார். ஏனென்றால், வண்டியை நிறுத்தி ஒரு நிமிடம் ஆனதும் கேமராவின் சின்னத் திரை இருண்டுவிடும். 'பாவம், அதுவும் தூங்குது' என்று இவர் நினைத்துக்கொண்டார். தூங்கியது திரை மட்டும்தான். கண்ணும் காதும் விழித்துக்கொண்டுதான் இருந்தன. காது என்று ஒன்று அதற்கு இருப்பதே இவருக்குத் தெரியாது.

பிட்டருக்கு மட்டும் கணக்கு உதைத்தது. "ரெண்டு விளக்காவது மிஞ்சணுமே. உங்களுது மட்டும் ஏன் சாயங்காலம் ஒத்த விளக்கோட வருது?" என்று அடிக்கடி கேட்பார்.

"வயசாயிருக்கும்பா."

"வாங்கி மூணு மாசம்தாண்ணே ஆச்சு."

ஒருமணியாரின் நாள் இப்படித்தான் போகும். காலையில் வெளுத்த விரிப்புகளை நீலப் பைகளில் ஏற்றுவார். இரண்டு ஆஸ்பத்திரி, மூன்று லாட்ஜ். போன இடத்திலெல்லாம் அழுக்கைச் சிவப்புப் பைகளில் வாங்கிக்கொள்வார். நீலமும் சிவப்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல் துணிக் கிடங்கை ஒரு மணிக்குப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள், இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் அவருக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஜெனரேட்டர் கொட்டகைச் சுவரின் நிழலில், இரும்புக் கேட்டைப் பார்த்தமாதிரி வண்டியை நிறுத்திக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அங்கேதான் இருந்தார். ஒரு தண்ணீர் லாரி உள்ளே வந்தது. திரும்ப இடமில்லாமல் பின்னால் எடுத்தது, நகரும் கேட்டின் ஒரு பக்கத்தை இடித்துத் தண்டவாளத்திலிருந்து பிதுக்கிவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், ஏறிப் போய்விட்டான். கேட் காவலாளி சாப்பிடப் போயிருந்தார், போகக் கூடாத நேரத்தில் போயிருந்தார். திரும்பி வந்தபோது கேட் கோணலாக நின்றது, வளாகத்தில் ஒரே ஒரு வண்டி இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு பழைய நசுங்கல் வேறு. காவலாளிக்கு அதற்குமேல் யோசிக்க அவசியமில்லை.

"லாரி எதுவும் உள்ள வரல சார். வந்திருந்தா நோட்டுல எழுதியிருப்பேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு மேனேஜர் ஒருமணியாரைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த டிரைவரை நீக்குங்கள், இல்லை ஒப்பந்தத்தை மறந்துவிடுங்கள்.

"ஏற்கெனவே உங்க மேல ரெண்டு எச்சரிக்கை இருக்கு. ஒண்ணு நேரம் தவறினது, ஒண்ணு பை மாறினது. மூணாவதுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் மேனேஜர்.

"லாரிதான் சார் இடிச்சுது. என் கண்ணால பாத்தேன்."

"உங்க கண்ணை நான் எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது? கேமராவுல பதிவாகியிருந்தா அதோட மெமரி கார்டைக் கொண்டுவாங்க. காலையில பத்து மணிக்கு அவங்க ஆளும் வர்றாரு. எல்லாரும் சேர்ந்து பாப்போம்."

வண்டிதான் நின்றிருந்ததே, கேமரா எப்படி ஓடியிருக்கும் என்று தளர்ந்துபோய்க் கம்பெனியின் வண்டிக் கொட்டகைக்கு வந்தார். பிட்டர் நேராகச் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பவர் பேங்கை எடுத்தார். ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மதியம் கேபிளை உருவுனீங்களா?"

"இல்லப்பா."

பிட்டர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் விளக்கு எங்கே போயிற்று என்பதும் விளங்கிவிட்டது. "நல்ல வேளை. அப்ப லாரி மாட்டிச்சு. படம், சத்தம் ரெண்டும் இருக்கும்."

"சத்தமா?"

"ஈ பறந்தாக்கூடக் கேக்கும்ணே."

ஒருமணியார் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவைப் பார்த்தார். பிறகு, எதற்கோ கேட்பதுபோல், "சத்தத்தை மட்டும் எடுத்துட்டுப் படத்தைக் குடுக்க முடியுமா?" என்றார்.

"முடியும். ஆனா கைவெச்ச பதிவுன்னு அந்தாளு தள்ளிவிட்டுடுவாரு. கார்டை அப்படியே குடுக்கிறதுதான் நல்லது" என்றவர், கார்டைப் போனில் செருகிப் பார்க்கிற சின்ன ரீடரைக் கொடுத்தார். "நீங்க நிம்மதியாப் பாத்துட்டுப் படுங்க."

அவருடைய அறை உலர்த்தும் இயந்திரங்களுக்கு நேர் மேலே. கம்பெனி கொடுத்த அறை. தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு நாற்காலி. நாற்காலியில் இதுவரை வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்.

படம் தெளிவாக இருந்தது. ஜெனரேட்டர் சுவர், கேட், காலி வளாகம். அதன்மேல் அவர் குரல்.

"சொல்லுடா கண்ணு... ம்... சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?... இன்னும் இல்லியா? மணி என்ன ஆகுது... சின்னவன் என்ன பண்றான்?"

பேரன் பிறந்ததை ஒரு தூரத்து உறவு சொல்லித்தான் கேள்விப்பட்டார். பெயர் என்ன வைத்தார்கள் என்று அந்த உறவு சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தாத்தாவுக்கே பேரன் பெயர் தெரியாதா என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே. அதனால்தான் சின்னவன்.

குரலைவிட அந்த இடைவெளிகள்தான் அவரைக் கொன்றன. மகள் பதில் சொல்வதற்கு அவர் விட்ட இடைவெளிகள். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது அவற்றில் அவள் குரல் நிஜமாகவே கேட்டது. பதிவில் ஜெனரேட்டர்தான் உறுமிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாகத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை வெளியே நின்று பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. வெட்கத்தில் காது எரிந்தது, அழுகையும் வந்தது.

ஒன்பதாவது நிமிடத்தில் பதிவுக்குள் ஒரு போன் அலறியது. அவருடைய போன்தான், முழு மணி. "சொல்லுங்கம்மா" என்றது அவர் குரல், முற்றிலும் வேறு தொனியில். கம்பெனியில் வண்டிகளை அனுப்பும் மேசையில் இருக்கும் அம்மா கூப்பிட்டிருந்தார். "இருபது தலையணை உறைதானே, சேத்து வாங்கிக்கறேன்." பேசி முடித்து ஒரு நொடிதான். மறுபடி, "ஆபீஸ்லேர்ந்துடா. நீ சொல்லு" என்று தொடர்ந்தது. காதில் மகள் இருக்கும்போது போன் அப்படி மணி அடிக்காது. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். யாரை ஏமாற்றினாலும் கூப்பிட்ட அந்த அம்மாவை ஏமாற்ற முடியாது.

பதினோராவது நிமிடத்தில் லாரி வந்தது. நம்பர் பலகை, இடித்தது, இறங்கிப் பார்த்தது, எல்லாம் அச்சடித்தமாதிரி இருந்தது. "ஏதோ தண்ணி லாரிக்காரன் கேட்டை இடிச்சிட்டான்டா. நமக்கென்ன வந்துச்சு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல சாட்சி எந்த ஊரிலும் கிடைக்காது.

அப்படியே உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மேனேஜர் அறையில் எல்லோரும் நிற்பார்கள். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் சிரிப்பை அடக்குவார்கள், அதற்கப்புறம் பரிதாபப்படுவார்கள். இஸ்திரி மேசை வரைக்கும் போய்ச் சேர அரை மணி ஆகாது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். இது போனால் ஒரு மணிக்கு எங்கே போவது? அவருக்கு அப்படித்தான் தோன்றியது. சரியா தவறா என்று நாம் இங்கே உட்கார்ந்து சொல்லலாம், அந்தக் கட்டிலில் உட்கார்ந்தது அவர்தான்.

கீழே இறங்கினார். கார்டைக் கேமராவில் போட்டுக் கேபிளைச் செருகினார். பட்டனை அழுத்தி அழுத்தி ஒரு பட்டியலுக்குப் போனார். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேமரா கேட்டது. அழி என்றார்.

காலையில் மேனேஜர் அறையில் ஆஸ்பத்திரி ஆள், வண்டி அனுப்பும் மேசை அம்மா, பிட்டர், இவர். "பதிவாகல சார். மதியத்துக்கு முன்னாடியே பேட்டரி தீந்துபோச்சு" என்றார் ஒருமணியார்.

மேனேஜர் பிட்டரைப் பிடித்துக்கொண்டார். "உன்னை ஏதாவது பண்ணுன்னு சொன்னா இதான் லட்சணமா? பொம்மை பேட்டரியைக் கட்டி வெச்சிருக்கே. ஒரு மனுஷன் வேலை போகுது இப்ப."

பிட்டர் வாய் திறந்தார். ஒருமணியாரைப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் எரிந்த அந்த ஒற்றை விளக்கு அவர் கண்ணில் அப்படியே தெரிந்தது. எதையோ மென்று விழுங்கிவிட்டு, "தப்புதான் சார்" என்றார். ஒருமணியாரால் தலை நிமிர முடியவில்லை. அதன்பிறகு மூன்று நாளும் பிட்டர் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கம்பெனியில் எல்லோருக்கும் வருத்தம்தான், ஆனால் அதற்குள்ளே ஒரு சமாதானமும் இருந்தது.

"போனாப் போவுது விடுங்கண்ணா, மககிட்டப் போய் ராஜா மாதிரி இருங்க" என்றார் வண்டி அனுப்பும் மேசை அம்மா. "தினம் ஒரு மணிக்குத் தவிச்சுக்கிட்டிருந்த பொண்ணு. இனிமே நேர்லயே பாத்துக்கும்."

எல்லோரும் சேர்ந்து மகள் ஊருக்கு பஸ் டிக்கெட்டே போட்டுவிட்டார்கள். ஊர் பெயரை இவரே எத்தனையோ முறை சொல்லியிருந்தாரே. இஸ்திரி அம்மாக்கள் ஒரு சின்னத் துண்டு வாங்கிவந்தார்கள். விரிப்பு ஓரத்தில் நூலால் அடையாளம் போடுகிற கைகள், பேரன் பெயரைத் தைத்துக் கொடுக்க ஆசைப்பட்டன.

"பேரன் பேரு என்னண்ணா?"

"சின்னவன்னுதான் கூப்பிடுவோம்" என்றார். சிவப்பு நூலில் சின்னவன் என்று அழகாகத் தைத்துக் கொடுத்தார்கள். அதை வாங்கி, பெயர் உள்ளே போகும்படி மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டார். பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்றுதான் திட்டம். அங்கே ஏதாவது ஒரு அறை, ஏதாவது ஒரு வண்டி கிடைக்காதா. ஆனால் வழியனுப்ப பிட்டர் வந்துவிட்டார். பெட்டியை ஏற்றி, ஜன்னலோரத்தில் உட்கார வைத்து, கீழே இறங்கி ஜன்னலுக்கு வெளியே நின்றார். காலை வெயில் இன்னும் ஏறவில்லை.

"பொண்ணுகிட்ட ஏறிட்டேன்னு சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லணும்."

"சொல்லிடுங்க. நான் இருக்கேன்."

தட்டிக்கழிக்க ஒன்றும் தோன்றவில்லை. பழகிய கை தானாகப் போனைக் காதுக்குக் கொண்டுபோனது. "அம்மாடி... ஆமாடா, ஏறிட்டேன்... ம்... ஜன்னல் சீட்டுதான்... இல்லடா, நீ அலையாத, நானே வந்துக்கறேன்."

"குடுங்க, பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும்னு நான் சொல்லிடறேன்" என்று பிட்டர் ஜன்னலுக்குள் கைவிட்டுப் போனை வாங்கிவிட்டார்.

திரை இருட்டாக இருந்தது. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் உயிர் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் பிட்டருக்கு. பக்கத்துப் பட்டனை அழுத்தினார். மணி தெரிந்தது, தேதி தெரிந்தது. வேறு எதுவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து ஒருமணியாரைப் பார்த்தார். ஒருமணியார் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வருடம் கட்டிக்காத்தது இந்த ஜன்னலோடு முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"தங்கச்சி, நான் பிட்டர் பேசறேன்" என்று குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தார். போன் பிட்டரின் காதில் இருந்தது.

"அப்பா ஏறிட்டாரு. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடும் பஸ்ஸு... அப்புறம் ஒரு விஷயம்மா. அந்தக் கேட்டை இடிச்சது அப்பா இல்ல. கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அவரு ஏன் அப்படிச் சொன்னாருன்னு எனக்கு இப்பதான் புரியுது. அவரு மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல."

பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பொறுமையாக நின்றார். கண்டக்டர் விசில் கொடுத்தார். "சரிம்மா, சொல்லிடறேன்" என்று பிட்டர் போனை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"உங்களைப் பத்திரமா வரச் சொல்லுதுண்ணே."

ஒருமணியார் போனை வாங்கிக்கொண்டார்.